லயத்துக்கு மேலே பைன் மரங்கள்

எனக்குத் தெரியாத வெட்டா என்று மானேஜரிடம் மார் தட்டியது நான்தான். அதனால் பிறகு நடந்த கூத்துக்கு வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை.

வெட்டு என்று நாங்கள் சொல்வது ரப்பர் மரத்தில் பால் எடுப்பதை. நான் பிறந்தது குமுளிக்கு மேற்கே ஒரு தேயிலை எஸ்டேட்டில். எஸ்டேட் பூட்டிக் கிடந்த வருஷங்களில் பிழைப்புக்காக மலையிறங்கி முண்டக்கயம் பக்கம் போனேன். போனவன் இருபத்திரண்டு வருஷம் அங்கே ரப்பர் வெட்டினேன். எஸ்டேட் மறுபடி திறந்து, என் முழங்காலும் தேய்ந்த பிறகுதான் திரும்பி வந்தேன். என் மனைவி இங்கே கொழுந்து எடுக்கிறாள். எங்களுக்குக் கொடுத்திருப்பது கடைசி லயத்தில் கடைசி வீடு. லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு வீடுகள். பின்வாசலைத் திறந்தால் நேரே மலைச்சரிவு. சரிவு முழுக்கப் பைன் மரங்கள். காகிதத்துக்கு ஆகும் என்று எந்தக் காலத்திலோ நட்டு, அப்புறம் யாருக்கும் வேண்டாமல் போன மரங்கள் அவை.

மழைக்காலத்தில் மலை இளகி, மண்ணும் பாறையுமாகக் கீழே வருவதற்கு இங்கே உருள்பொட்டல் என்று பெயர். மலையாளச் சொல். எங்கள் லயத்தில் அதைத் தமிழில் சொல்லிப் பார்க்க யாருக்கும் துணிவு வந்ததில்லை. மே மாதக் கடைசியில் என் மனைவி ஒரு பையைக் கட்டிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிடுவாள். ஜிப் வைத்த நீலப் பை. மகள் நர்சிங் படிக்கப் போனபோது வாங்கியது. உள்ளே ரேஷன் கார்டு, ஆதார், மகளின் சர்டிபிகேட்டுகள், டார்ச், பிரஷர் மாத்திரை, ஒரு போர்வை. மேலே சத்தம் கேட்டால் பையை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். அக்டோபரில் மழை விட்ட பிறகுதான் அது ஆணியிலிருந்து இறங்கும். மழைப் பை என்று நாங்கள் அதற்குப் பேரே வைத்திருந்தோம்.

ஒரு வருஷம் கிறிஸ்துமஸ் லீவு கழிந்து எஸ்டேட் ஆபீஸ் திறந்ததும், பைன் சரிவை மொட்டையாக வெட்டப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஏப்ரலில் விஷு முடிந்ததும் காண்டிராக்டர் ஆட்களோடு வருகிறாராம். மரத்தை எடுத்துவிட்டு அடுத்த மாதமே மழையை அந்தச் சரிவில் விட்டால் என்ன ஆகும் என்று லயத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆறு வீட்டுக்காரர்களும் என்னைப் பிடித்து ஆபீசுக்கு அனுப்பினார்கள். எனக்கு வாய் உண்டு என்பது அவர்கள் எண்ணம்.

மானேஜர் கெட்டவர் இல்லை. வேர் மண்ணைப் பிடித்திருக்கிறது என்று நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். ஆனால் ஒன்றுக்கும் ஆகாத மரத்தை எதற்காக வைத்திருக்கிறாய் என்று மேலே இருப்பவர்கள் தன்னைக் கேட்கிறார்கள், தான் என்ன எழுதுவது என்று என்னையே திருப்பிக் கேட்டார். பிறகு அவராகவே ஒரு வழி சொன்னார். கம்பத்திலிருந்து விறகு பேச வந்த ஒருவர், வடக்கே பைன் மரத்தில் பிசின் எடுக்கிறார்கள், அதைக் காய்ச்சி டர்பன்டைன் இறக்குகிறார்கள், வார்னிஷ் ஆகிறது, கோயிலில் கொளுத்தும் சூடம்கூட அதிலிருந்து வருகிறது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நம் மரத்தில் பிசின் வந்தால், வேண்டிய மரம் என்று எழுதி நிறுத்திவிடலாம். நாற்பது மரத்தில் விஷு வரைக்கும் எடுத்துப் பார்க்கலாம். எடுக்கத் தெரிந்த ஆள் யார் இருக்கிறார்கள்?

அங்கேதான் நான் மார் தட்டினேன்.

பொங்கல் கழிந்த மறுநாள் தொடங்கினேன். ரப்பர்க்காரன் எப்படித் தொடங்குவானோ அப்படியே. விடியும் முன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு சரிவேறினேன். ரப்பர் பால் குளிர்ச்சியில்தான் ஓடும். வெயில் ஏறினால் நின்றுவிடும். பழைய டாப்பிங் கத்தியைத் தீட்டி, நெஞ்சு உயரத்தில் சாய்வாகப் பட்டையைச் சீவினேன். ரப்பர் வெட்டுக்காரனுக்கு மானம் ஒன்றே ஒன்றில்தான் இருக்கிறது. கத்தி பட்டையோடு நிற்க வேண்டும், தடி என்று நாங்கள் சொல்லும் உள்கட்டையைத் தொடக் கூடாது. தொட்டால் அதற்குக் காயம் என்று பெயர். காயம் போட்டவனைக் கூட்டத்தில் வைத்துச் சிரிப்பார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் நான் போட்ட காயங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பைன் மரத்திலும் ஒரு காயம் படாமல், தாள் போலச் சீவி, தகடு அடித்து, சிரட்டை கட்டி, நாற்பது மரத்தையும் அழகாக முடித்தேன். என் வேலையைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

சிரட்டையில் ஒன்றும் விழவில்லை.

மூன்று வாரம் விழவில்லை. தினமும் புதிதாகச் சீவினேன். சில மரங்களில் வியர்வை மாதிரி இரண்டு துளி பூத்து, அங்கேயே காய்ந்தது. மரம் கிழம் என்றேன். பனி அதிகம் என்றேன். தகட்டில் துரு என்றுகூட ஒருநாள் சொன்னேன். லயத்தில் முதலில் விசாரித்துக்கொண்டிருந்தவர்கள் பிறகு விசாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. என் மனைவி மட்டும், பிப்ரவரி பிறக்கும் முன்பே நீலப் பையைத் துவைத்துக் காயப் போட்டாள். மழைக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது.

பைன் சரிவின் நடுவே ஒற்றையடிப் பாதை ஒன்று அடுத்த மலையின் ஏலத்தோட்டத்துக்குப் போகிறது. அங்கே வேலை செய்யும் ஒரு நேபாளப் பெண் தினமும் காலையில் அந்த வழியே போவாள். முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷனும் அவளும் நான்கைந்து வருஷமாக இங்கே இருக்கிறார்கள். ஏலக்காட்டுப் பெண்களிடம் பழகிய தமிழ் பேசுவாள். என்னைத் தாண்டும்போதெல்லாம் வாயைத் துணியால் மூடிக்கொண்டு போவாள். குளிருக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். சிரிக்கிறாள் என்று நாலாவது வாரம்தான் எனக்குப் பிடிபட்டது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே, என்ன சிரிப்பு என்று வழி மறித்துக் கேட்டேன். அவள் பயப்படவில்லை. மரத்தைத் தொட்டுப் பார்த்தாள். நான் சீவிய இடத்தை நகத்தால் சுரண்டினாள்.

"அண்ணே, மரத்துக்குக் குளிருது. இப்ப வராது. வெயில் வரட்டும்" என்றாள். பிறகு, "இது தோலு. லீசா தோல்ல இல்ல. உள்ள, கட்டைல இருக்கு" என்றாள்.

லீசா என்பது பைன் பிசினுக்கு அவர்கள் சொல்லும் பேர். கல்யாணத்துக்கு முன்பும் பின்புமாக எட்டு சீசன், எல்லை தாண்டி இந்தியப் பக்க மலைகளில் அவள் செய்த வேலையே அதுதான். இரண்டே வாக்கியத்தில் என் இருபத்திரண்டு வருஷத்தையும் கவிழ்த்துவிட்டாள். ரப்பருக்குக் குளிர் வேண்டும், பைனுக்கு வெயில் வேண்டும். ரப்பரில் கத்தி தடியைத் தொடக் கூடாது, பைனில் தொடாவிட்டால் வேலையே இல்லை. ரப்பரில் வெட்டு மேலிருந்து கீழே இறங்கும், பைனில் கீழிருந்து மேலே ஏறும் என்பதையும் கையால் காட்டினாள். நான் மூன்று வாரமாகக் குறையில்லாமல் செய்ததெல்லாம் தலைகீழ்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளும் புருஷனும் வந்தார்கள். வெயில் நன்றாக ஏறிய பிறகு, பத்து மணிக்கு. மரம் மரமாகப் போய்க்கொண்டே அவள் சொன்னவை அத்தனையும் எனக்கு நினைவிருக்கிறது. அவள் அப்பா காலத்தில் கோடாலியால் மரத்தின் அடியில் ஆழமாகக் குழி வெட்டுவார்கள். பிசின் அந்தக் குழியிலேயே தேங்கும். நிறைய வரும், ஆனால் மரம் பாதி அறுந்த மாதிரி நிற்கும், காற்றடித்தால் குழி வெட்டின இடத்திலேயே முறியும், காட்டுத்தீ வந்தால் அந்தக் குழியில்தான் முதலில் பற்றும். அவள் வேலைக்குப் போன காலத்தில் குழி போய், மேலோட்டமாகச் சின்னச் சின்ன வரி கீறி, தகடும் கிண்ணமும் மாட்டினார்கள். கடைசி இரண்டு சீசனில் அதுவும் மாறி, துளை போட்டு, மூடின பை கட்டச் சொன்னார்கள். ஒவ்வொரு முறை மாறியபோதும் மரத்தின் காயம் சின்னதானது என்றாள். துளை போடுவதே நமக்கும் நல்லது என்று அவளே முடிவும் செய்தாள்.

எஸ்டேட் எலக்ட்ரீஷியனிடம் டிரில்லிங் மிஷின் வாங்கி வந்தேன். மரத்தின் அடியில், ஒரு சாண் உயரத்தில், உள்ளே போகப் போகக் கொஞ்சம் மேலே ஏறும்படி துளை. துளை வாயில் குழாய்த் துண்டு, அதில் இறுக்கிக் கட்டின பிளாஸ்டிக் பை. மிஷின் தடிக்குள் இறங்கியபோது என் கை கூசியது. இத்தனை வருஷம் செய்யக் கூடாது என்று பழகின காரியம். அவள் அதைப் பார்த்துவிட்டு மறுபடி துணியால் வாயை மூடிக்கொண்டாள். இந்த முறை எனக்கும் சிரிப்பு வந்தது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஏறிப் போய்ப் பார்த்தேன். முதல் மரத்தின் பையில் ஒரு கட்டை விரல் அளவுக்குத் தேன் நிறத்தில் இறங்கியிருந்தது. கையில் தொட்டு முகர்ந்தேன். நாலு நாளைக்குச் சோப்புப் போட்டும் போகாத வாசனை. நான் கோயிலில்கூட அழுகிற ஆள் இல்லை. அன்றைக்கு அந்த மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன்.

விஷுவுக்கு முன்னால் நாற்பது மரத்திலும் பைகள் நிறைந்தன. கம்பத்துக்காரர் வந்து பார்த்து, தலையாட்டி, எடுத்துக்கொண்டு போனார். மானேஜர் சரிவுக்கு அவரே ஏறி வந்தார். பையைத் தூக்கிப் பார்த்தார், முகம் மலர்ந்தது. மலர்ந்த முகத்தோடு ஒன்று சொன்னார். இவ்வளவு வரும் மரத்தைச் சும்மா விடுவானேன், எல்லா மரத்திலும் நாலு பக்கமும் போட்டுக் கடும்வெட்டு வெட்டிவிடுவோம், இரண்டு வருஷம் கழித்து மொத்தமாக இறக்கிவிடலாம்.

கடும்வெட்டு என்பதும் ரப்பர்க்காரர்கள் சொல்தான். வெட்டி நீக்கப் போகிற கிழட்டு மரத்தில், இனி என்ன என்று சகட்டுமேனிக்குப் பால் எடுப்பது. மரம் சாகும் வரைக்கும் கறப்பது. அதில் நான் கெட்டிக்காரன் என்று முண்டக்கயத்தில் பேரெடுத்தவன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த வார்த்தையைக் கேட்டதும் என் வாய் பழக்கத்தில், "சரி சார்" என்று சொல்லிவிட்டது. கை பரபரக்கக்கூடச் செய்தது. படியிறங்கி வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்ன பிறகுதான் நான் என்ன சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்று உறைத்தது.

"ரெண்டு வருசம் கழிச்சு நாம எங்க போறதுங்க?" என்று மட்டும் கேட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

சொன்ன சொல்லை ஆபீசில் போய் மாற்றிப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. சரி என்றவன் நான். நான் மாற்றினால் அதை யார் மதிப்பார்கள்? மறுநாள் வழியில் நின்று அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். கேட்டவள் முகத்தில் சிரிப்பு இல்லை. இடுப்பில் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்துக் கீழே போட்டாள். அன்றைய கூலி போனாலும் போகட்டும், ஆபீசுக்குப் போகலாம் என்றாள்.

ஆபீஸ் வராந்தாவில் மானேஜர் வெளியே கிளம்பும் நேரம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றேன். எனக்கு வாய் உண்டு என்று அனுப்பினார்களே, அந்த வாய் திறக்கவில்லை. அவள்தான் பேசினாள்.

"சார், எங்க ஊர்ல எங்க அப்பா நல்ல வேலைக்காரர். ஒரு மரத்துல நாலு பக்கம் வெட்டினார். எல்லாரும் வெட்டினாங்க. நெறைய வந்துச்சு, எல்லாருக்கும் சந்தோசம். அப்புறம் மரம் காஞ்சு, காத்துல விழுந்துச்சு. அடுத்த மழையில மலை வந்துச்சு. வீட்டுக்குள்ள அம்மா இருந்தாங்க."

மானேஜர் கார்ச் சாவியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். அவரும் இடுக்கியில் பிறந்தவர்தான். மலை வந்தது என்று சொன்னால் அவருக்கும் அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. சாவியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, ஒரு மரத்துக்கு எத்தனை துளை போடலாம் என்று அவளைக் கேட்டார். அவள் இரண்டு விரலைக் காட்டினாள். மெலிந்த மரத்தில் ஒன்றும் கூடாது என்றாள். சீசன் முடிந்ததும் துளையை மரமுளை அடித்து மூட வேண்டும், அடுத்த வருஷம் வேறு பக்கம் போட வேண்டும். கீழே விழுந்து கிடக்கும் ஊசி இலைகளைக் கோடையில் பாதை பாதையாகக் கூட்டி எடுக்காவிட்டால் ஒரு பீடி நெருப்பு போதும் என்றும் சொன்னாள். மானேஜர் உள்ளே திரும்பிப் போய் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினார். எழுதி முடித்த பிறகும், முதல் நாள் நான் சொன்ன 'சரி'யைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்காக அவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்.

காண்டிராக்டர் வந்தார். ஆனால் அவர் வெட்டியது உச்சி முறிந்ததையும், சாய்ந்து நின்றதையும், ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டிருந்ததையும் மட்டும்தான். எவற்றை வெட்டுவது என்று சுண்ணாம்பால் குறி போட்டது நானும் அவளும். இடைவெளி விழுந்த இடத்தில் வெளிச்சம் இறங்கியது. பைனுக்கு அடியில் ஒன்றும் முளைக்காது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் நாட்டுச் செடிகள் தலை காட்டின. சரிவு நின்றது. எங்கள் ஆறு வீட்டுக்கும் பின்னால் ஒரு துணை இருந்தது.

நான் யாரிடமும் லேசில் கடன்பட்டவனாக உணர்கிறவன் இல்லை. வேலை செய்தேன், கூலி வாங்கினேன் என்று கணக்கு முடித்துக்கொள்கிற ஆள். ஆனால் அந்தப் பெண் எனக்குச் செய்ததை எதில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. யாரோ ஒரு ஊர்க்காரர்களின் லயத்துக்காக, தன் அம்மாவைப் பற்றி ஆபீஸ் வராந்தாவில் நின்று சொன்னாள். நாங்கள் அவளை அதற்கு முன் ஒரு வாய் டீக்குக்கூடக் கூப்பிட்டதில்லை.

அதற்குப் பிறகு கூப்பிட்டோம். மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தபோது, கதவுக்குப் பின்னால் நீலப் பை ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. இது என்ன என்று கேட்டாள். என் மனைவி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி விளக்கினாள். அந்தப் பெண் பையின் ஜிப்பைத் திறந்து மூடிப் பார்த்தாள். நல்ல பை என்றாள். அதை அவளே மறுபடி ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.

மழைக்கு முன்னால் அவர்கள் ஊருக்குப் புறப்பட்டார்கள். மக்காச்சோளம் நடுகிற காலத்துக்கு வருஷா வருஷம் போவார்கள். பிள்ளைகள் இரண்டும் அங்கே அவள் தங்கை வீட்டில் படிக்கின்றன. குமுளி பஸ் ஸ்டாண்டுக்கு நாங்கள் இருவரும் போனோம். கம்பம் இறங்கும் பஸ் புறப்படத் தயாராக நின்றது. தூறல் போட்டது. என் மனைவி கையில் நீலப் பையை அப்போதுதான் நான் கவனித்தேன். உள்ளே டீத்தூள், ஏலக்காய், பலாக்காய் வறுவல், பிள்ளைகளுக்கு இரண்டு ஸ்வெட்டர். எங்கள் ரேஷன் கார்டும் சர்டிபிகேட்டுகளும் வீட்டில் அலமாரிக்குப் போயிருந்தன. என்னிடம் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அக்கா, இது மழைப் பை. உங்களுக்கு வேணுமே" என்றாள் அந்தப் பெண்.

"எங்களுக்குத்தான் மேல மரம் நிக்குதுல்ல. நீ கொண்டு போ" என்றாள் என் மனைவி.

அவளுக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மரம் நின்றாலும் மலை மலைதான். திரும்பி வரும்போது அவளுக்குத் தெரியாமல் குமுளிக் கடையில் ஒரு சாதாரணப் பை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் போட்டு வைத்தேன். அவள் கண்டுபிடித்து அதில் வெங்காயம் போட்டுவிட்டாள்.

ஜூலையில் நான்கு நாள் விடாமல் கொட்டியபோது அந்தப் பெண் ஊரிலிருந்து போன் செய்தாள். முதல் கேள்வி, மரம் நிற்கிறதா. நிற்கிறது என்றேன். பின்வாசலில் நின்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். மழையில் அடிமரங்கள் கறுத்து, நாங்கள் அடித்த முளைகள் வெளுப்பாகத் தெரிந்தன. அங்கே எப்படி என்று கேட்டேன்.

"இங்கயும் மழைதான் அண்ணே. பையைக் கதவுக்குப் பின்னால மாட்டிட்டேன்" என்றாள்.

நான் போனை மனைவியிடம் நீட்டினேன். அவள் வாங்கிக் காதில் வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைகளின் சர்டிபிகேட்டுகளை மறக்காமல் உள்ளே வைத்தாயா என்று கேட்டாள்.